மூன்று கண்ணிச் சங்கிலி

ஜனவரி 20, திங்கள்

உலகம் இதுவரை கண்ட பால் பரிசோதகர்களில் தலைசிறந்தவனும், லாக்டோமீட்டரே எழுந்து நின்று வணக்கம் வைக்கும் அளவுக்குக் கீர்த்தி பெற்றவனும், அந்தியூர்ப் பக்கத்துப் பால் சங்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தண்ணீர்ப் பாலுக்கு எமனாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய குழந்தைவேலு என்னும் நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் திருவுளம் கொண்டேன். காரணம் உண்டு. இன்று நான் விஞ்ஞானத்தில் சேர்ந்துவிட்டேன்.

சங்கத்துக் கூடத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் முகாம் போட்டிருக்கிறது. தலைவி பர்ஹானா மேடம். முப்பது வயசுதான் இருக்கும், குரல் மெலிது. பால் புரதம் நீளமான சங்கிலி மாதிரி என்றார். பால் புளிக்கும்போது நுண்ணுயிர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றனவாம். அதில் மூன்றே மூன்று கண்ணி உள்ள சில துண்டுகளுக்குத் தனிச் சக்தியாம். ரத்தக்குழாயை இறுக்குகிற ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது, அதன் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுமாம்.

"கொஞ்சம்தான் சார். சில ஆய்வுல ரெண்டு மூணு புள்ளி குறைஞ்சிருக்கு, சிலதுல ஒண்ணுமே இல்ல. அதான் பாக்கறோம். யாரும் இத நம்பி மாத்திரைய நிறுத்திராதீங்க" என்றார்.

கொஞ்சமாம்! பாலைப் பற்றி என்னிடம் கொஞ்சம் என்கிறார்.

பன்னிரண்டு வாரம், தினம் ஒரு பாட்டில். பச்சை மூடி, சிவப்பு மூடி என்று இரண்டு வகை. ஒன்றில் மூன்று கண்ணி உண்டு, மற்றதில் இல்லை. எதில் என்று மேடத்துக்கே தெரியாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இடமில்லை. மேல் அளவு 160ஐத் தொட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். எனக்கு இன்று 152. பச்சை மூடி கிடைத்தது. ஒரு மிடறு குடித்ததுமே என் நாக்கு தீர்ப்பு எழுதிவிட்டது. அசல் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை சாமியாத்தாள் கேட்டாள்: "அதென்னுங்ணா பாட்டலு? மோருங்களா?"

"மோரா? அமிர்தம் அம்மிணி. பாற்கடலக் கடைஞ்சப்பத் தேவருங்க குடிச்சது போக மிச்சம். எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்க."

"அப்படின்னா மூடிய இறுக்கி வெய்யுங்க. எறும்பு வந்துரும்."

அவள் வீட்டில்தான் பன்னிரண்டு வருடமாக என் ஆட்சி. அவளுக்குக் கணவர் இல்லை, எனக்கு மனைவி இல்லை. அவள் மகள் தாரணி நூல் மில் ஆபீசுக்குப் போகிறாள். சாமியாத்தாளுக்கு ஆறு வருடமாகப் பிரஷர் மாத்திரை உண்டு. அதனால் அவளுக்கு விஞ்ஞானத்தில் இடம் கிடைக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

மாரப்பன் டீக்கடையில் பேருரை. மூன்று கண்ணி வீரர்கள் ரத்தத்தில் படகு விட்டு வருவதையும், நொதி என்னும் அரக்கனை மரத்தில் கட்டி வைத்து உதைப்பதையும் விவரித்தேன். இரண்டு பேர் டீயைக் குடிக்க மறந்தார்கள். "இன்னும் ரெண்டு மாசத்துல என்ற பிரஷரு பொறந்த கொழந்தைக்கு இருக்கறாப்பல எறங்கீரும், எழுதி வெச்சுக்க" என்று மாரப்பனிடம் சொன்னேன். அவன் நிஜமாகவே காலண்டரில் எழுதி வைத்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

156. கருவி பழசு.

பிப்ரவரி 17, திங்கள்

158.

பர்ஹானா மேடம் இரண்டு தடவை அளந்தார். "இன்னும் ரெண்டு புள்ளி ஏறினா உங்களை நிறுத்தணும் சார். இப்பவே ஒரு டாக்டரப் பாக்கறது நல்லது" என்றார். படியேறி வந்த மூச்சு என்று சொன்னேன். சங்கத்துக்குப் படியே கிடையாது என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

வெளியில் மாரப்பன் நின்றிருந்தான். "என்னங்ணா, எறங்குச்சா?"

"எறங்கீட்டே இருக்குதப்பா. பவானிசாகர் டேம்ல தண்ணி எறங்கறாப்பல" என்றேன்.

சாப்பாடு இறங்கவில்லை. அவரைக்காய்ப் பொரியல். உப்பு குறைவு.

பிப்ரவரி 19, புதன்

பவானிக்குப் போய் வந்தேன், ராஜாங்க காரியமாக. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். என் சவரப் பெட்டியில் பிளேடுகளுக்கு அடியில் இப்போது ஒரு மாத்திரை அட்டையும் இருக்கிறது. சரித்திரம் இதையெல்லாம் பதிய வேண்டியதில்லை.

பேருந்தில் ஜன்னல் சீட் கிடைத்தது.

மார்ச் 3, திங்கள்

நூற்று இருபத்தெட்டு!

மேடம் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அதே. மீட்டரின் முள் வெட்கப்பட்டுத் தலை குனிந்ததை நான் பார்த்தேன். (முள் கிடையாது, எண்தான். ஆனாலும் பார்த்தேன்.)

"சார், வேற எதாவது மருந்து, நாட்டு மருந்து, எதாவது எடுக்கறீங்களா?"

"பால் ஒண்ணுதானுங்க மேடம்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போது கொஞ்சம் சிரித்தார். அந்தப் பெண் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

டீக்கடையில் எனக்கு மாலை போடாத குறை. மாரப்பன், "எங்கம்மாளுக்கும் இதக் கேட்டு வாங்கிக் குடுங்கண்ணா" என்றான்.

மார்ச் 4, செவ்வாய்

மத்தியானம் சாமியாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, வெளையாட்டு வேண்டாம். ஒண்ணு கேக்கறன், சொல்லுங்க."

"கேள் மகளே, வரம் தருகிறோம்."

"நெசமாலுமே பால்லதான் கொறஞ்சுதுங்களா?"

"பின்ன? பால் பண்ணாத வேலையா?"

"இல்லீங்ணா. நீங்க எதச் சொன்னாலும் நாலு பங்கு கூட்டித்தான் சொல்லுவீங்க. நான் மனசுக்குள்ள நாலால வகுத்துக்குவன். சின்ன வயசுலருந்து அப்படித்தான். இத மட்டும் வகுக்காமக் கேக்கோணும்." சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது, எழவில்லை. "அந்த மாத்திர போட்டா இப்படித்தான். செருப்பே மாட்ட முடியறதில்ல. வேற மாத்திர மாத்திக்கலாம்னு தாரணி சொல்றா, அவளுக்கு லீவு கெடைக்க மாட்டீங்குது. என்ற தலைல கை வெச்சுச் சொல்லுங்ணா."

வைத்தேன். எண்ணெய் தேய்த்த தலை. சூடாக இருந்தது. வெயிலில் போய்க் கீரை வாங்கி வந்திருப்பாள்.

"பால் மேல் ஆணையாக, பாலால்தான்" என்றேன்.

அவள் கீரையை அலசப் போனாள்.

மார்ச் 6, வியாழன்

எனக்கு வாய்த்த அமிர்தத்தைத் தங்கைக்கும் வழங்கச் சித்தம் கொண்டேன். பாட்டிலை அவளுக்குப் பாதி கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும். ஆனால் பால்காரனுக்கு எதற்குப் பாட்டில்? அடியில் நின்ற ஒரு கரண்டி போதுமே. நேற்று சாயங்காலம் வெதுவெதுப்பான பாலில் அதை உறை ஊற்றி, துணி சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். முப்பத்துநான்கு வருட அனுபவம்.

காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. உறையவில்லை.

படைக்குத் துணைப்படை அனுப்புவது உலக வழக்கம். வீட்டுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்தேன். மத்தியானத்துக்குள் கெட்டியாக நின்றது, கத்தி வைத்து வெட்டலாம். இனி அதிலிருந்தே அடுத்த நாளுக்கு உறை. சாமியாத்தாள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "நம்மூட்டுத் தயிராட்டமேதான் இருக்குது" என்றாள்.

"நாக்குக்கு அப்படித்தான் தெரியும். ரத்தத்துக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

அதிசயம்! சாமியாத்தாளின் கால் வீக்கம் வற்றிவிட்டது. செருப்பின் வாரைப் பழைய துளையிலேயே மாட்டுகிறாள். கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். "காலு பஞ்சாட்டம் இருக்குதுங்ணா" என்றாள். என் தயிரின் மகிமை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தாரணி மின்விசிறியைத் துடைத்துத் தரச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

126. இந்த ஊரிலேயே எனக்குத்தான் நல்ல பலன் என்று மேடத்தின் உதவியாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். டீக்கடையில் மாரப்பன் தன் அம்மாவுக்கு என் தயிரில் ஒரு கிண்ணம் கேட்டான். ஒரு சொம்பே கொடுத்தேன். கர்ணன் நாணட்டும்.

சாமியாத்தாளுக்குக் காலையில் தலைவலி. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 22, சனி

தலைவலித் தைலம் தேடி மருந்து டப்பாவைத் திறந்தேன். சாமியாத்தாளின் பிரஷர் மாத்திரை அட்டை இருந்தது. பத்தும் அப்படியே இருந்தன. புது அட்டையாக இருக்கும். அடுத்தவர் மாத்திரையை எண்ணுவது நாகரிகமில்லை.

தைலம் கிடைத்தது. கொடுத்தேன். நெற்றியில் தேய்த்துக்கொண்டு, "பின்னந்தலையில நெருக்குதுங்ணா" என்றாள். தயிரைக் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கச் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

காலையில் பால் தீய்ந்த வாசம். என் மூக்குக்கு அது தீ விபத்து மாதிரி. எழுந்துபோய்ச் சத்தம் போட்டேன்: "பால் பொங்குது, பாத்துக்கிட்டு நிக்கற? கண்ணு எங்க போச்சு உனக்கு?"

அவள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் திரும்பவில்லை. வலது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அது விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கும் திட்டினேன். கரண்டியை எடு என்று சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. கொண்டு வந்தபோது மேல் அளவு 220.

டாக்டர் படத்தைக் காட்டினார். வெள்ளையாக, ஒரு புளியங்கொட்டை அளவு. இடப் பக்கம். பேச்சும் வலது கை காலும் போயிருக்கின்றன. எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அன்று என் கை அவள் தலையில் எந்தப் பக்கம் இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

தாரணி துணி எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் மாத்திரை அட்டைகள், மூன்று.

"மாமா, ஒண்ணு கூடப் போடல. மார்ச் மாசம் ஆரம்பத்துல இருந்தே போடல போல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு" என்றேன்.

"ஏன் நிறுத்தினாங்க? உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

"சொல்லலையே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் சாய்ந்தாள். வேறு சாய்வதற்கு அவளுக்கு யாரும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

அளவெடுக்கப் போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூக்கில் இருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். கூழாகக் கொடுத்தால் விழுங்குகிறாள். கால் வீங்காத வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பொடித்துக் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. இன்னொரு தடவை ஏறினால் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்ற பொருள்படத்தான் டாக்டர் பேசினார்.

மாத்திரை என்று தெரிந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தாரணி கஞ்சியில் கலந்து கொடுத்தாள். நாக்கால் தள்ளித் துப்பிவிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

துப்பிவிட்டாள். சாயங்காலம் 178.

ஏப்ரல் 10, வியாழன்

188.

தாரணி கெஞ்சினாள், அழுதாள், கத்தினாள். "எதுக்கும்மா இப்படிப் பண்ற? என்ன வேணும் உனக்கு?"

சாமியாத்தாள் இடது கையைத் தூக்கினாள். அடுக்களையில் இருந்த தயிர்ச் சட்டியைக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். பிறகு மறுபடி தயிர்.

"என்ன மாமா சொல்றாங்க?"

"தயிர் வேணுங்கறா" என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் 194.

தாரணி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மிணி, நான் மாத்திர போட்டன். பவானில டாக்டரப் பாத்து வாங்கியாந்து, சவரப் பொட்டில ஒளிச்சு வெச்சுப் போட்டன். அதுலதான் எனக்குக் கொறஞ்சுது. பால்ல இல்ல. உன்ற தலைல கை வெச்சுச் சொன்னது பொய்யி. உனக்குக் குடுத்த தயிரும் நம்ம ஊட்டுத் தயிருதான். அந்தப் பாட்டல்ல இருந்தது உறையவே இல்ல."

பேசி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தின் இடது பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

அவளை மாத்திரை விழுங்க வைக்க அண்ணன் ஒரு கதை கட்டுகிறான் என்று நினைத்துவிட்டாள். நாலால் வகுத்திருப்பாள்.

தாரணி சிரிக்கவில்லை. எழுந்துபோய் என் சவரப் பெட்டியைத் திறந்தாள். கொண்டுவந்து என் மடியில் அட்டையைப் போட்டாள். பாதி காலியான அட்டை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில கேட்டனே மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 12, சனி

தாரணி எனக்குச் சாப்பாடு வைக்கிறாள். பேசுவதில்லை. நர்ஸ் வந்து ஊசி போட்டுப் போனார். தினம் ஊசியிலேயே ஓட்ட முடியாது என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று விடுமுறை என்பதால் கடைசி அளவு இன்று. போனேன். கையை நீட்டாமல், பர்ஹானா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன்.

"மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு முதல் நாளே எல்லாருக்கும் சொன்னேனே சார். சத்தமாச் சொல்லலையோ?"

"சொன்னீங்கம்மா. நான்தான் அதவிடச் சத்தமாப் பேசினேன்."

என் பெயர் இருந்த வரிசையில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். பச்சை மூடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது சார். இன்னும் ரெண்டு ஊர் முடிஞ்சாத்தான் பிரிச்சுப் பாப்போம். எதுவா இருந்தாலும் நாங்க தேடறது ரெண்டு மூணு புள்ளிதான். வேற யாருகிட்டச் சொன்னீங்க? அவங்ககிட்டப் போய்ச் சொல்லிருங்க. இப்பவே."

டீக்கடைக்குப் போனேன். மாரப்பனிடம் சொன்னேன். "அண்ணன் இன்னைக்குப் புதுக்கத கொண்டாந்திருக்கறாரு!" என்று பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தார்கள். மூன்றாம் தடவை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் முகத்தைப் பார்த்தான்.

"எங்கம்மா பத்து நாளா மாத்திர போடுலீங்ணா" என்றான். அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடினான்.

அணைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

மாரப்பன் அம்மாவுக்கு 170. மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறார்.

காலை ஒன்பது மணி. தாரணி மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் வைத்துக்கொண்டு நின்றாள். சாமியாத்தாளின் உதடு இறுகியிருந்தது. என் அட்டையை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. இடது கையால் என் தாடையைத் தட்டினாள். வாயைத் திறந்தேன். அவள் பார்த்தாள். பார்த்தது போதவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். கன்னத்துக்குள் தேடினாள், நாக்கைத் தூக்கி அடியில் தேடினாள். கடைவாய் வரைக்கும் போனாள். எனக்குக் குமட்டியது. அசையாமல் இருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. விழுங்கியிருந்தேன்.

விரலை எடுத்துச் சேலையில் துடைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, ஒரு பக்கம் மட்டும் வழிந்தது. பிறகு முகத்தைத் தாரணி பக்கம் திருப்பி வாயைத் திறந்தாள்.

மாத்திரை உள்ளே போனது. சாயங்காலம் 176.

தாரணி ஐந்து நாள் கழித்து என்னிடம் பேசினாள். "மாமா, தெனம் ரெண்டு வேளையும் நீங்க இங்க இருக்கணும். நீங்க காட்டினாத்தான் அம்மா வாயத் தொறக்கறாங்க."

"எனக்குக் காலைல மட்டும்தானே கண்ணு மாத்திர?"

"சாயங்காலம் வெறும் வாயக் காட்டுங்க."

காட்டினேன். அப்போதும் அவள் விரல் விட்டுத் தேடிப் பார்த்தாள்.